ஒன்பது மணிக்கு வரும் மிருகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘அழகியும் மிருகமும்’ கதையை 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலேயே வைத்து, பெரியவர்களுக்கான ஃபேன்டஸி காதல் நாவலாக எழுதிவருகிறேன். மொத்தம் 80,000 சொற்கள் என்பது திட்டம், பாதி முடிந்திருக்கிறது. படித்துப் பார்த்த தோழிகள் இரண்டு குறை சொல்கிறார்கள். அடைத்து வைத்தவனையே அவள் காதலிப்பது உறுத்துகிறது என்பது ஒன்று. சாபம் நீங்கி அவன் இளவரசனாகும் இடம் சப்பென்று இருக்கிறது என்பது இன்னொன்று. மாளிகையில் நடக்கும் நடுப்பகுதி இழுப்பது எனக்கே தெரிகிறது. பேசும் கடிகாரம், இதழ் உதிரும் ரோஜா எல்லாம் இருந்தும் ஓட்டம் வரவில்லை. எங்கே கைவைப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இந்த மூன்று குறையும் சேர்ந்து வந்தால் வேர் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நாயகி ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கான இடம் கதையில் இல்லாமல் போயிருக்கும். பழைய பிரதியில் அந்த இடம் தாராளமாகவே இருக்கிறது. திரைப்படங்கள் வழியாக மட்டுமே கதையை அறிந்தவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

எழுத்தில் நமக்கு வேண்டிய மூலங்கள் இரண்டு. கப்ரியேல்-சூசான் த வில்னெவ் 1740இல் பெரியவர்களுக்காக எழுதிய நீண்ட கதை முதலாவது. அதைச் சுருக்கி, லண்டனில் ஆசிரியையாக இருந்த லெப்ரான்ஸ் த பொமோன் 1756இல் சிறுமிகளுக்காக வெளியிட்டது இரண்டாவது. உலகம் அறிந்தது பொமோனின் வடிவம். நடுப்பகுதியைச் சரிசெய்ய அதையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ரோஜாவைப் பறித்த வணிகனிடம், அதாவது நாயகியின் அப்பாவிடம், மிருகம் வைக்கும் நிபந்தனையைப் பாருங்கள். மகள்களில் ஒருத்தி தன் விருப்பத்தோடு வர வேண்டும், யாரும் வராவிட்டால் மூன்று மாதத்தில் அவனே திரும்பி வர வேண்டும். அப்பா தடுத்தும் அவள்தான் கிளம்புகிறாள். மாளிகையில் அவளுக்கென்று ஓர் அறை, நூலகம், இசைக்கருவி. அங்கே அவள் எடுக்கும் புத்தகத்தில், இந்த வீட்டின் அரசி நீயே, கட்டளையிடு என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கிறது. முதல் இரவு உணவின்போது, நீ சாப்பிடுவதைப் பார்க்க அனுமதி உண்டா என்று மிருகம் கேட்கிறது. நீங்கள்தானே எஜமானர் என்கிறாள் அவள். இங்கே எஜமானி நீ மட்டுமே, நான் தொந்தரவாக இருந்தால் போகச் சொல், உடனே போய்விடுகிறேன் என்பது அதன் பதில். அதன் பிறகே, என்னை மணந்துகொள்வாயா என்று கேட்கிறது. மாட்டேன் என்கிறாள். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெளியேறுகிறது. கோபம் இல்லை, தண்டனை இல்லை. தோழிகளின் உறுத்தல் தீர வேண்டுமென்றால் இந்தக் காட்சி உங்கள் நாவலின் முதல் கால்பகுதிக்குள் நடந்தாக வேண்டும். மறுத்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்பதை அவள் அனுபவத்தில் தெரிந்துகொண்ட பிறகே அவள் விருப்பத்தை வாசகர் நம்புவார். வெளியே போகும் வழியையும் நடுப்பகுதியிலேயே திறந்து வையுங்கள். கடைசியில் மனம் மாறித் திறந்துவிடுகிறவன் அதுவரை சிறைக்காவலனாகவே தெரிவான்.

மிருகம் தினமும் இரவு ஒன்பது மணிக்கு வருகிறது. மூன்று மாதம் இப்படியே போகிறது. ஆரம்பத்தில் அந்த நேரத்தை நினைத்து நடுங்கியவள், பிறகு மணி ஒன்பது ஆகிவிட்டதா என்று அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். பொமோன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகும் இந்த மாற்றம்தான் உங்கள் நடுப்பகுதி முழுவதும். மொத்தம் தொண்ணூறு இரவுகள். அவற்றில் ஆறு, ஏழு போதும், மற்றவை ஓரிரு வரியில் நகரட்டும். கேள்வி மாறக் கூடாது, மறுப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். முதலில் பயந்து மறுக்கிறாள். அடுத்து எரிச்சலில். ஓர் இரவு காரணம் சொல்லி மறுக்கிறாள். இன்னோர் இரவு, கேட்காமல் இருக்கக் கூடாதா என்று கெஞ்சுகிறாள். ஓர் இரவு மிருகம் கேட்காமலே எழுந்து போகட்டும், அது அவளுக்கு ஏமாற்றமாக இருக்கட்டும். நாவலின் மையப்புள்ளி அங்கே விழ வேண்டும். இரண்டு இரவுகளின் மறுப்பு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். கதை இழுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வில்னெவிடமிருந்து எடுக்கத் தக்கது, மிருகத்தின் மந்தம். சாபம் உருவத்தை மாற்றுவதோடு நிற்காமல், அறிவைக் காட்டுவதையும் தடுக்கிறது. பொமோனும் இதை விடவில்லை. இன்றைய மறுகூறல்களில் மிருகம் நன்றாகப் படித்தவன், நகைச்சுவையாகப் பேசுகிறவன். அப்படியானால் அவள் தாண்ட வேண்டியது முடியையும் நகத்தையும் மட்டுமே, அதற்கு 80,000 சொற்கள் தேவையில்லை. பேச்சு தட்டுத்தடுமாறி வரும் ஒருவனின் நல்ல மனத்தைச் செயலில் காட்டுவது கடினம், ஆனால் அந்தக் காதலுக்கு எடை உண்டு. வில்னெவில் இரவுதோறும் கனவில் ஓர் அழகிய இளைஞன் வருகிறான். அவனே மிருகம் என்று அவளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கான நாவலில் இதை வைத்து நிறையச் செய்யலாம். கடைசியில் அவள் அரசனுக்கும் தேவதைக்கும் பிறந்தவள் என்று வரும் நீண்ட விளக்கம் வேண்டாம். வணிகன் மகளாகவே இருக்கட்டும்.

அவள் மணக்கச் சம்மதித்தால்தான் சாபம் நீங்கும் என்பதை அவளிடம் யாரும் சொல்லக் கூடாது. பேசும் கடிகாரம் இருந்தால் அது எங்காவது உளறிவிடும். அந்தக் கணத்திலிருந்து அவள் காட்டும் ஒவ்வொரு அன்பும் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாகிவிடும்.

வீட்டுக்குத் திரும்பும் பகுதிக்கு 10,000 சொற்களாவது ஒதுக்குங்கள். அப்பா நோயுற்றிருப்பதை மாளிகையின் மாயக் கண்ணாடியில் பார்த்து அவள் கேட்க, மிருகம் அனுப்பிவைக்கிறது. வாக்கு எட்டு நாள். அக்காக்கள் பொய்யழுகை அழுது நிறுத்திவைக்கிறார்கள் (முதலில் அவள் கிளம்பியபோது கண்ணில் வெங்காயம் தேய்த்து அழுதவர்கள்தான்). சூழ்ச்சி மட்டும் போதாது, அவளுக்கே இன்னும் இரண்டு நாள் இருக்கத் தோன்ற வேண்டும். அப்போதுதான் தாமதத்தின் பழி அவள் மேலும் விழும். பத்தாம் இரவு, மிருகம் தோட்டத்தில் இறந்துகொண்டிருப்பதாகக் கனவு கண்டு திரும்பி வருகிறாள். நன்றாக உடுத்திக்கொண்டு ஒன்பது மணிக்காகக் காத்திருக்கிறாள். மணி அடிக்கிறது, மிருகம் வரவில்லை. மூன்று மாத இரவுகளை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இங்கே ஒரு வர்ணனைகூடத் தேவைப்படாது.

இனி உருமாற்றம். பொமோனின் நாயகி எதிரே நிற்கும் அழகான இளவரசனைப் பார்த்ததும் மிருகம் எங்கே என்று கேட்கிறாள். சப்பென்று போவதற்கு மாற்று அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அவளுக்கு அது பரிசாக வருவதற்கு முன்னால் இழப்பாக வர வேண்டும். அவளுக்குப் பழகிய காலடி ஓசை, மூச்சு, கை எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன. குரலை மட்டும் மாற்றாமல் விடுங்கள், அவள் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காண அது உதவும். உடனே திருமணத்துக்குத் தாவாமல் 2,000 சொற்களில் இன்னோர் இரவு உணவை எழுதுங்கள். புதிய முகத்தோடு அவன் அதே கேள்வியைக் கேட்கட்டும், அவள் யோசித்துச் சொல்லட்டும்.

ரோஜாவைப் பற்றி: பழைய பிரதிகளில் அது அப்பாவிடம் அவள் கேட்ட பரிசு மட்டுமே. இதழ் உதிர்ந்து கெடு வைக்கும் ரோஜா 1991இன் டிஸ்னி படத்தில் வருவது. பேசும் கடிகாரமும் மெழுகுவர்த்தித் தண்டும் அப்படியே. 1740, 1756 பிரதிகள் யாரும் எடுத்தாளலாம், படத்தின் கற்பனைகளுக்கு உரிமையாளர் உண்டு. அவற்றை எடுத்துவிட்டால் சட்டச் சிக்கலும் போகும், கெடுவும் அவனுடைய ரோஜாவிலிருந்து அவளுடைய கடிகாரத்துக்கு மாறும். முதல் வேலையாக அந்த அத்தியாயங்களை நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் இரவு உணவுக் காட்சிகளை மட்டும் வரிசையாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.