ட்ரைபாட் போட்டும் படம் ஆடுகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அதிகாலையில் கடற்கரையில் 30 விநாடி எக்ஸ்போஷர் வைத்து, அதாவது ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைத்து எடுக்கிறேன். ட்ரைபாட் இருந்தும் படம் கலங்கலாக வருகிறது. அலுமினியத்தை விட்டுவிட்டு கார்பன் ஃபைபர் வாங்கட்டுமா?

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள். நடுத்தண்டை முழுக்க உயர்த்தி வைக்கிறீர்களா? அப்படியானால் மூன்று காலுக்கு மேல் ஒற்றைக்கால் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் கேமராவை வைத்த மாதிரிதான். தண்டை இறக்கிவிட்டுக் கால்களை நீட்டுங்கள். மேலே இருக்கும் தடித்த பகுதியை முதலில் நீட்டி, மெல்லிய கடைசிப் பகுதியைத் தேவைப்பட்டால் மட்டும் இழுங்கள்.

கடற்கரையில் மணல்தான் பெரிய எதிரி. அலை வந்து போகும்போது காலுக்கு அடியில் மணல் அரித்து, ட்ரைபாட் மெல்ல இறங்கும், கண்ணுக்கே தெரியாது. மூன்று கால்களையும் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள். எக்ஸ்போஷர் நடுவில் அலை காலைத் தொட்டுவிட்டால் அந்தப் படத்தை மறந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடுவது நல்லதுதான். ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும்; காற்றில் ஊஞ்சலாடினால் அதுவே கேமராவை ஆட்டும். லென்ஸிலும் கேமரா பாடியிலும் உள்ள ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைத் திருத்தும் வசதியை) அணைத்துவிடுங்கள். ஷட்டரை விரலால் அமுக்காமல் 2 விநாடி டைமர் வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் தோள்வலிக்காக கார்பன் வாங்கினால் நியாயம், எடை குறையும். எதை வாங்கினாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு ஏறிய கால் லாக் ஒருநாள் திறக்கவே திறக்காது.

கேள்வி: கல்யாண வீடியோவுக்கு கிம்பல் (மோட்டாரால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைக்கருவி) வாங்கினேன். மோட்டார் அதிர்கிறது, நடந்தால் படம் மேலும் கீழும் குதிக்கிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். அதிர்வுக்குப் பெரும்பாலும் பேலன்ஸ்தான் காரணம். லென்ஸ், பேட்டரி, மைக் எல்லாம் மாட்டிய பிறகு, பவர் போடாமல் ஒவ்வொரு அச்சாகச் சரிசெய்யுங்கள். விட்ட இடத்திலேயே கேமரா நிற்க வேண்டும். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் என்றால் பேலன்ஸ் மாறிவிடும்.

குதிப்பதற்குக் காரணம் உங்கள் நடை. மூன்று அச்சு கிம்பல் சாய்வையும் திருப்பத்தையும்தான் திருத்தும். உயர ஏற்ற இறக்கத்தை அல்ல. 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய, கேமராவை உடம்பில் மாட்டி நடக்கும் கருவியான ஸ்டெடிகாமில் ஸ்பிரிங் வைத்த கை இருப்பது அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான். உங்களுக்கு முழங்கால்தான் ஸ்பிரிங். லேசாக மடக்கி, குதிகாலை முதலில் வைத்து நடந்து பழகுங்கள்.

கேள்வி: பைக் ஹேண்டில்பாரில் ஐபோனை மாட்டி வீடியோ எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இஞ்சின் அதிர்வு கேமராவின் ஸ்டெபிலைசேஷனையும் ஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: ட்ரைபாட் திருகு கேமராவின் துளையைவிடப் பெரிதாக இருக்கிறதே?

பதில்: அது 3/8 அங்குலத் திருகு, கேமராவில் இருப்பது 1/4. பெரும்பாலும் அந்தத் திருகு, கேமராவைத் தாங்கித் திருப்பும் மேல்பாகமான ஹெட்டைத் தனியாக மாட்டுவதற்கானது. ஹெட் ஒன்றை வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: காரில் இருந்தபடி பெரிய லென்ஸில் பறவைகளை எடுக்க என்ன வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். கெட்டித் துணிப்பை ஒன்றில் முக்கால் அளவு அரிசி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸை அதன்மேல் அமர்த்துங்கள். இஞ்சினை மட்டும் அணைத்துவிடுங்கள்.