மைக்ரோமீட்டர் பயிற்சி முடிந்தும் அளவு ஒத்துப்போகவில்லையா?

இன்னொரு வகுப்பு வேண்டாம். மைக்ரோமீட்டரில் (நுண்ணிய அளவெடுக்கும் திருகுக் கருவியில்) இரண்டு முறை பயிற்சி கொடுத்தும் புதியவர்களின் அளவு தரப்பிரிவின் அளவோடு சேரவில்லை என்கிறீர்கள். முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

சரியாக 0.50 மி.மீ. என்றால், ஸ்லீவில் (கோடுகள் போட்ட, அசையாத குழலில்) உள்ள அரை மில்லிமீட்டர் கோட்டைத் தவறவிடுகிறார்கள். வழக்கமான மைக்ரோமீட்டரில் திம்பிள் (அதன் மேல் சுழலும் உருளை) ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ.தான் நகரும். 12.87 என்பதை 12.37 என்று படிப்பது இங்கேதான். கரும்பலகையில் படம் போட்டு இதைத் திருத்த முடியாது. கருவி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

0.01, 0.02 என்று சிதறினால், பெரும்பாலும் ராட்செட்டை (ஒரே அழுத்தத்தில் நிற்கவைக்கும் முனைத் திருகை) விட்டுவிட்டுத் திம்பிளையே இறுக்குகிறார்கள்.

உறுதிசெய்ய, பத்து உருப்படிகளுக்கு எண் எழுதி, இருவரைத் தனித்தனியே, வரிசை மாற்றி, இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள். முந்தைய அளவைக் கண்ணில் காட்டாதீர்கள். ஒருவர் தன் அளவோடு தானே முரண்பட்டால் பழக்கம் போதவில்லை. தனக்குள் ஒத்து, மற்றவரோடு மட்டும் மாறினால், முறையையோ கருவியின் பூஜ்ஜியத்தையோ (மூடினால் சரியாக 0 காட்டுகிறதா என்பதையோ) சந்தேகப்படுங்கள்.

ஒன்று மட்டும்: எந்திரத்திலிருந்து சூடாக எடுத்த எஃகை அளக்கவைத்துவிட்டு ஆளைக் குறை சொல்லாதீர்கள். 100 மி.மீ. எஃகு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே 0.01 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும்.