குடியாத்தத்துத் தம்பிக்கு, கிச்சன் கேபினட் பற்றி

தம்பி, நெல்லூர்பேட்டைப் பையன் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பேரணாம்பட்டு. அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாலு கேள்வி கேட்டிருக்கிறாய். கனடா வந்து பிராம்ப்டனில் பழைய டவுன்ஹவுஸ் (வரிசை வீடு) வாங்கியாயிற்று, கிச்சனைப் பிரித்து மாற்ற ஒருத்தர் 9,000 டாலர் சொல்கிறார், இன்னொருத்தர் 17,000 சொல்கிறார், யாரிடம் கொடுப்பது? பிள்ளைக்கு எந்த ஸ்கூல்? பனி டயர் அவசியமா? ஊருக்குப் பணம் அனுப்ப எது லாபம்? ஸ்கூலுக்கும் பணத்துக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டயரை மாற்றிவிடு. நான் கேபினட்டை மட்டும் பேசுகிறேன். இந்த நாட்டில் எனக்கு முதல் வருஷம் சோறு போட்டது அதுதான்.

2001 நவம்பரில் வந்தேன். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருஷம் கெமிஸ்ட். இங்கே தோலுக்கு யாரும் கூப்பிடவில்லை. கிடைத்தது கேபினட் பட்டறை. வெட்டிய பலகையின் ஓரத்தில் பட்டை ஒட்டும் மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் கால் திரும்ப உள்ளே போகாது. சேர்த்துவிட்டவர் நம்ம ஆள்தான். முதல் இரண்டு வாரச் சம்பளம் ‘ட்ரெயினிங்’ என்று கடைசி வரை வரவேயில்லை. சரி, அதை விடு.

அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடையில் உனக்குக் காட்டுவது கதவு. நீ காசு கொடுப்பது பெட்டிக்கும் சேர்த்து. ‘முழு மேப்பிள் மரம்’ என்பார்கள். கதவுதான் மேப்பிளாக இருக்கும், பெட்டி பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பிசினில் குழைத்து அழுத்திய பலகை. அது மட்டம் என்று நான் சொல்லவில்லை. காய்ந்த இடத்தில் நன்றாகவே நிற்கும், 2005-ல் என் வீட்டில் மாட்டியது இன்னும் நிற்கிறது. தண்ணீர் புகுந்தால்தான் நனைந்த ரஸ்க் மாதிரி உப்பும், பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆகையால் சிங்க்குக்கு அடியில் வரும் பெட்டியையாவது பிளைவுட்டில் கேள். எது என்ன பலகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன் ஓரத்தைப் பார்க்காதே, அதை என்னைப் போல ஒருத்தன் பட்டை ஒட்டி மறைத்திருப்பான். ஷெல்ஃபை உருவித் திருப்பிப் பின் ஓரத்தைப் பார், அங்கே பட்டை ஒட்டாமல் விட்டிருப்பது வழக்கம். அதுவும் மூடியிருந்தால், ஷெல்ஃப் ஆணி போகும் துளையில் டார்ச் அடி. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், ரவை மாதிரி தெரிந்தால் தூள் பலகை.

உன் இரண்டு ஆட்களும் பெட்டி என்ன பலகை, எத்தனை கனம் என்று எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் 9,000-மும் 17,000-மும் வெறும் எண்தான். பிசின் வாடையையும் கவனி. அது ஃபார்மால்டிஹைடு, தோல் வேலை பார்த்த மூக்குக்கு அதை நன்றாகத் தெரியும். 2023 ஜனவரி முதல் கனடாவில் அதற்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. அதற்கு உட்பட்ட பலகைதானா என்று கேள், சிறு குழந்தை இருக்கும் வீடு.

அடுத்து நம்மவர்களின் வெள்ளை மோகம். விற்பனைக்கு அலங்கரித்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, பால் வெள்ளையில் சட்டம் வைத்த ஷேக்கர் கதவு போடுவார்கள். அந்தச் சட்டத்தின் உள்மூலையில் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் போய் உட்காரும். அப்புறம் கிச்சனைக் காப்பாற்ற, ஊரிலிருந்து வந்த மாமியாரை கேரேஜில் நிற்கவைத்து மீன் வறுக்கச் சொல்வார்கள். மைனஸ் பத்தில்! காரக்குழம்பு வைக்க முடியாத கிச்சன் யாருக்கு? நம் சமையலுக்கு வழவழவென்ற கதவு, கொஞ்சம் அடர்ந்த நிறம். அடுப்புக்குப் பக்கத்தில் தெர்மோஃபாயில், அதாவது பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கதவு, வேண்டவே வேண்டாம், சூட்டில் மேல்தாள் உரிந்து சுருளும். இத்தனைக்கும் முன்னால் ஹூட்டைப் பார். ஊரில் சிம்னி என்போமே, அதுதான். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேல் தொங்கும் மைக்ரோவேவ் பலவும் புகையை வெளியே அனுப்பாது, வடிகட்டி உன் முகத்திலேயே திரும்ப ஊதும். சுவர் வழியாக வெளியே குழாய் போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கதவின் நிறத்தைப் பற்றி யோசி.

பணத்தை முன்கூட்டி மொத்தமாகக் கொடுக்காதே, நம்ம ஊர்க்காரர் என்றாலும். வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமாக இருந்தால், நம் ஒன்டாரியோ மாகாணத்தில் அதை 10 நாளுக்குள் ரத்து செய்ய உனக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது.

கீழ்ப் பெட்டிகளுக்குக் கதவு வேண்டாம், முடிந்தவரை டிராயராகப் போடு. 24 அங்குல ஆழத்தில் பின்னால் போன பருப்பு டப்பா அடுத்த பொங்கலுக்குத்தான் கையில் கிடைக்கும். டிராயர் ஓடும் சட்டம் 100 பவுண்டு தாங்குமா என்று கேள். 40 பவுண்டு அரிசி மூட்டையும் கிரைண்டரும் அதில்தான் உட்காரப் போகின்றன. கிரைண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஊரிலிருந்து தூக்கி வராதே. இங்கே 120 வோல்ட். நான் வேலூரில் வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து பேஸ்மென்ட்டில் ஓட்டினேன். வீட்டுக்காரர் ஏதோ வெடிக்கிறது என்று ஓடி வந்தார். இரண்டு இட்லி கொடுத்ததும் சமாதானமானார்.

இங்கே மேல் கேபினட்டை மாட்டும் அளவு ஒன்று உண்டு. மேடை 36 அங்குலம், அதற்கு மேல் 18 விட்டு, தரையிலிருந்து 54-ல் தொடங்கும். மாட்டும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. 2012-ல் அம்மா வந்தாள், ஐந்தடிக்கும் குறைவு. பேரணாம்பட்டில் அவளுக்கு இருந்தது கடப்பாக் கல் மேடையும் சிமென்ட் தட்டும்தான். மர அலமாரி ஒன்றை அப்பா செய்து வைத்தார், கறையான் மூன்றே வருஷத்தில் முதுகைத் தின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கடுகை எடுப்பவள், என் கிச்சனில் அண்ணாந்து நின்றாள். “இன்னாத்துக்குடா இத்தினி உயரத்துல மாட்டி வச்சிருக்கிற, உறியா? இந்த ஊர்ல எலி அத்தினி வருமா?”

மறுநாள் எல்லா டப்பாவும் அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக இறங்கிவிட்டன. ஆறு மாசம் அப்படியே ஓடியது. அவள் ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் மேலே திறந்து பார்த்தேன். பட்டறைத் தள்ளுபடியில் ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய நாலு பெட்டி. ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள் போல. நாலிலும் மளிகைக்கடை பிளாஸ்டிக் கவரை முக்கோணம் முக்கோணமாக மடித்து அடுக்கி வைத்திருந்தாள்.