கஞ்சித்தண்ணி மட்டும் போதாது, அம்மணி

கேள்வி: டாக்டரம்மா, என் மகனுக்கு மூன்றரை வயது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி முடிந்த கையோடு வயிற்றுப்போக்கு பிடித்தது. அதிலிருந்து இரண்டரை மாதத்தில் மூணு தடவை வந்துவிட்டது, நடுவில் சளியும் காய்ச்சலும் வேறு. வயிறு காயட்டும் என்று அத்தை சொல்வதால் ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் கஞ்சித்தண்ணியும் ரஸ்க்கும்தான். 13.5 கிலோ இருந்தவன் இப்போது 12.5. எதிர்ப்பு சக்தி பவுடர் ஒரு டப்பா கொடுங்கள் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகி, காங்கேயம்

பதில்: வேண்டாம் அம்மணி. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன், நம் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் குடலின் உள்தோலில் இருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. பேதியில் அந்தத் தோல்தான் புண்ணாகிறது, அது திரும்ப வளர சோறும் பருப்பும் உள்ளே போயாக வேண்டும். நாலைந்து நாள் பட்டினி போட்டால் தோல் முழுதாக ஆறாது, சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு செல்கள் நிறைய குடலை ஒட்டி இருக்கின்றன, அதனால் அடுத்த கிருமி வரும்போது பையன் தாங்க மாட்டான். எடை குறைவதும், சளி விடாமல் பிடிப்பதும், மறுபடி பேதியாவதும் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

பேதி ஆகும்போதே சாப்பாடு கொடுக்கலாம். அரிசிம்பருப்பு சாதத்தைக் காரமில்லாமல் குழைய வேகவைத்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அஞ்சாறு தடவை ஊட்டுங்கள். கடைந்த பச்சைப்பயறு, தயிர்சாதம், மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை எல்லாம் சரிதான். பேதி நின்ற பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். போன எடையை மீட்பது அந்த ஒரு வேளைதான், பல வீடுகளில் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கூடவே துத்தநாக (ஜிங்க்) மருந்து: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றுவிட்டது என்று மூணாம் நாளே பாட்டிலை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

ஓஆர்எஸ், அதாவது பேதியில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி, அதைக் கரைப்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த ஒரு அம்மா, ரப்பர் பேண்டு சுற்றிய பாதி பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தார், டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கணக்கு வைத்துக் கரைத்திருக்கிறார். அப்படிச் செய்தால் உப்பு ஏறும் அல்லது குறையும், இரண்டுமே ஆபத்து. 1 லிட்டர் பாக்கெட்டா 200 மில்லி பாக்கெட்டா என்று மேலேயே போட்டிருக்கும், அந்த அளவு ஆறவைத்த தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. சரியான ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

மூணு தடவையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சின்னக் குழந்தைகளின் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும். அதனால் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஒரு கிலோ குறைந்திருப்பதால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, துவண்டு கிடக்கிறான் என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம் (சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய்), ஸ்டீராய்டு மாத்திரை போகிறது. சிறுநீரில் புரதம் போவதால் முட்டை, பருப்பு இரண்டையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
வாசகர், பவானி

பதில்: சரியில்லைங்க. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால், அந்த வயதுக் குழந்தை சாப்பிடும் அளவு முட்டையும் பருப்பும் அவளுக்கும் வேண்டும், அதிகமாகத் திணிக்கவும் வேண்டாம். குறைக்க வேண்டியது உப்பு: வீக்கம் இருக்கும்வரை ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம். ஸ்டீராய்டு எலும்பைப் பாதிக்கும் என்பதால் பாலும் ராகியும் நல்லது. கிருமியை எதிர்க்கும் புரதங்களும் சிறுநீரில் போய்விடுகின்றன, ஸ்டீராய்டும் எதிர்ப்பைக் குறைக்கிறது, ஆகவே சாதாரணக் காய்ச்சலென்றாலும் அன்றைக்கே காட்டுங்கள். நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை டாக்டர் நாள் குறித்துச் சொன்ன பிறகே போட வேண்டும், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.