புதிய லேப்டாப்பில் பழைய விண்டோஸ் போட முடியுமா?

முடியும். கூடவே வந்த விண்டோஸை அழித்துவிட்டு முந்தைய பதிப்பைப் போடுவதற்கு டவுன்கிரேடு என்று பெயர். சிக்கல் வருவது டிரைவரில்தான். விண்டோஸுக்கும் உதிரிபாகத்துக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அது. புதிய பாகம் பேசும் மொழி பழைய விண்டோஸுக்குப் புரியாது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3.0 டிரைவரே கிடையாது. இன்ஸ்டால் திரை வந்ததும் யுஎஸ்பியில் செருகிய கீபோர்டு, மவுஸ் இரண்டும் அசையாமல் போகலாம். விண்டோஸ் 10 என்றால், இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் பட்டியல் காலியாக நிற்கும். டிஸ்க் பழுதில்லை, பயப்படாதீர்கள். ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினால் தெரியும். எனவே ஃபைல்களை வேறிடத்தில் பிரதி எடுத்து, உங்கள் மாடலுக்கான டிரைவர்களை முதலில் இறக்கிவிட்டு, பிறகே 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரைத் தயாரியுங்கள்.

செட்டிங்ஸில் உள்ள 'கோ பேக்' பட்டனே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய பதிப்பிலிருந்து அப்கிரேடு செய்த கம்ப்யூட்டரில், வழக்கமாக முதல் 10 நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும்.