கணவனின் கொடுமையிலிருந்து வெளியே வந்தவர்கள் மனம் தேற என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

கேள்வி கேட்ட சகோதரிக்கு வணக்கம். கணவர் வீட்டை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது, யாரோ சொன்னார்கள் என்று 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' வாங்கிப் படிக்கத் தொடங்கினேன், மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, வேறு புத்தகம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்து உள்ளே வையுங்கள். பெஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் மனக்காயத்தைப் பற்றி 2014இல் எழுதியது. நல்ல புத்தகம்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவர் அங்கே தான் செய்த கொடுமைகளைச் சொல்லும் இடம் வருகிறது. அதில் ஒரு பெண்ணுக்கு நடந்ததும் இருக்கிறது. அடி வாங்கி வந்தவள் ராத்திரியில் தனியாக அதைப் படித்தால் தூக்கம் போகத்தான் செய்யும். உங்கள் மனசு பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்து அதை எடுங்கள், முதல் பகுதியைத் தாண்டிவிட்டு உடம்பை எப்படிப் பழக்குவது என்று சொல்லும் பின்பகுதிக்குப் போங்கள்.

எனக்குப் பாம்பன் பக்கம். அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விடியும் முன்னே வள்ளத்தில் தீவுப் பக்கம் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரல் விரலாகத் துணி சுற்றி, செருப்பின் அடியில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். அப்படியும் பாறை அறுத்துவிடும். சின்ன வயதில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "மூச்சு முட்டுற வரைக்கும் கீழ கெடக்காத. மிச்சம் இருக்கப்பவே மேல வந்துரணும்த்தா." இந்த மாதிரிப் புத்தகங்களை நான் அப்படித்தான் படித்தேன். நெஞ்சு படபடக்க ஆரம்பித்த பிறகு மூடவில்லை, நன்றாக இருக்கும்போதே மூடினேன். பகலில் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம், வீட்டில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து. எந்தப் புத்தகம் என்பது அதற்கு அப்புறம்தான்.

நானும் ஐந்து வருடம் அப்படிப்பட்ட கணவர் வீட்டில் இருந்தேன். நடந்ததை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருப்பேன். வாசலில் யாராவது பைக்கை நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் கை சில்லிட்டுவிடும். சொந்தக்காரர்கள் காத்துக் கருப்பு என்றார்கள், ஏர்வாடிக்குக் கூட்டிப்போ என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. 'பைத்தியம்' என்று ஒருமுறை பெயர் விழுந்தால் சங்கிலிதான் என்ற பயம் அன்றைக்கு உள்ளே போனது. அதனாலேயே எனக்கு என்ன ஆகிறது என்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு முதலில் உதவிய புத்தகம், புத்தகமே இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு வக்கீல் குமாஸ்தா 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்து நகல் கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பி வைக்கும்போது மூன்றாவது பிரிவு கண்ணில் பட்டது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை, கேவலமாகப் பேசுவது, படுக்கையில் வற்புறுத்துவது, செலவுக்குத் தராமல் வைப்பது, அவளுடைய பணத்தையும் நகையையும் பிடுங்கிக்கொள்வது எல்லாம் வன்முறைதான் என்று எழுதியிருந்தது. என் சம்பளத்தை மாதாமாதம் வாங்கிக்கொண்டதற்கு அதுவரை என்னிடம் ஒரு பெயரே கிடையாது. குமாஸ்தா போன பிறகு எனக்கென்று ஒரு நகல் எடுத்து, காசைக் கல்லாவில் போட்டேன். அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. நீங்களும் அதை முதலில் படியுங்கள். அதில் அழவைக்கும் கதை ஒன்றும் இல்லை, ராத்திரியில்கூடப் படிக்கலாம். பாதுகாப்பு அலுவலர் என்று மாவட்டத்தில் ஒருவர் இருக்கிறார், மாஜிஸ்ட்ரேட்டிடம் நேராகவே மனுக் கொடுக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அதிலிருந்துதான் தெரிந்தது.

அப்புறம் ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரிக்கவரி'. பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா கொடுத்தார். என் ஆங்கிலத்துக்கு அது கனமான புத்தகம், அகராதியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் வீட்டுக்குள் அடி வாங்கிய மனைவிக்கும் வருவது ஒரே மாதிரிக் காயம் என்று அந்த அம்மா விளக்குகிறார். எந்நேரமும் திடுக் திடுக்கென்று காவல் இருப்பது, கூப்பிடாமலே நினைவு வந்து மோதுவது, அதற்குப் பிறகு எதுவும் உறைக்காமல் மரத்துப்போவது. மூன்றுமே என்னிடம் இருந்தன. பைக் ஸ்டாண்டு சத்தத்துக்குக் கை சில்லிடுவது பேயும் இல்லை பைத்தியமும் இல்லை, ஆபத்தோடு ஐந்து வருடம் குடியிருந்த உடம்பு கற்றுக்கொண்ட பாடம் என்று புரிந்த அன்று கடையிலேயே அழுதுவிட்டேன்.

தேறி வருவதை ஹெர்மன் மூன்று கட்டமாகச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நடந்ததை நினைத்துச் சொல்லி, இழந்ததற்காகத் துக்கப்படுவது. மூன்றாவது மறுபடி மனிதர்களோடு சேர்வது. முதல் கட்டம் முடியாமல் இரண்டாவதுக்குள் போகக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் கிடைத்ததிலேயே பெரிய விஷயம் அதுதான். எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது, ஒரு கயிறுதான். அந்த அத்தியாயத்தைப் படித்த வாரம் ஒரு நல்ல இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து ஆசாரியை வைத்துப் போட்டேன். முதல் நாள் ராத்திரி நாலு தடவை எழுந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் தூங்கினேன். உங்களுக்குத் தூக்கம் போனது என்றால், நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருக்கும் வீடு, கையில் காசு, அவர் போன் வராமல் இருப்பது, வேளைக்குச் சோறு. இப்போதைக்கு இவைதான் வேலை. புத்தகம் காத்திருக்கட்டும்.

எழுதத் தோன்றினால் பேபி ஹால்தாரைப் படியுங்கள். வங்காளத்துப் பெண். 12 வயதில் அவரைவிட 14 வயது மூத்தவருக்குக் கட்டிவைத்தார்கள். அடி தாங்காமல் 25 வயதில் மூன்று பிள்ளைகளோடு ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். வேலை செய்த வீட்டுப் பேராசிரியர், இந்தப் பெண் தூசு தட்டும்போது புத்தகங்களின் பக்கமே நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார். அதில் எழுதியதுதான் 'ஆலோ ஆந்தாரி'. ஆங்கிலத்தில் 'எ லைஃப் லெஸ் ஆர்டினரி' என்று கிடைக்கும், மொழி எளிதாகத்தான் இருக்கும். அதில் சில இடங்களில் 'நான்' என்று எழுதாமல் 'பேபி' என்று வேறு யாரையோ சொல்வதுபோல் எழுதுகிறார். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். 'அவன் என்னை' என்று எழுத வராதது 'அவன் அவளை' என்று எழுதும்போது வந்தது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் எழுதினேன்.

தமிழிலேயே வேண்டும் என்றால் பாமாவின் 'கருக்கு' (1992). அது சாதியால் பட்ட காயம், விஷயம் வேறு. ஆனாலும் ஒரு பெண் தனக்கு நடந்ததைத் தன் பேச்சிலேயே சொல்லிவிட முடியும் என்ற தைரியம் எனக்கு அதில்தான் கிடைத்தது. பனைமட்டைக் கருக்கில் கை கிழிபட்ட பிள்ளைகள் நாம், தலைப்பே புரிந்துவிடும்.

மன்னித்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று முதல் பக்கத்திலேயே தொடங்கும் புத்தகங்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் மூன்று முறை சொல்லி மூன்று முறையும் திருப்பி அனுப்பியது அந்த வார்த்தையை வைத்துத்தான். அதை அச்சிலும் படிக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை இன்னும் ஒரு வாரம் நீண்டால் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவர் தொந்தரவு செய்தால் 181, பெண்களுக்கான உதவி எண்.

கடைசியாக மாயா ஏஞ்சலோ என்ற அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் 1969இல் எழுதிய தன்வரலாறு, 'ஐ நோ வை தி கேஜ்ட் பேர்ட் சிங்ஸ்'. எட்டு வயதில் அவரை அம்மாவின் சிநேகிதன் ஒருவன் கெடுத்துவிடுகிறான். பிள்ளை பெயரைச் சொல்கிறது, வழக்கு நடக்கிறது, கொஞ்ச நாளில் அவனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். தன் வாய்தான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டது என்று நினைத்து, அண்ணனைத் தவிர யாரிடமும் கிட்டத்தட்ட ஐந்து வருடம் பேசாமல் இருந்துவிடுகிறது அந்தப் பிள்ளை. அந்தக் கொடுமை 11, 12ஆம் அத்தியாயங்களில் வருகிறது. அவற்றைத் தாண்டிவிடுங்கள், கதை விட்டுப்போகாது.

இதை நான் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லிப் படித்தேன். சாயங்காலம் அம்மா முற்றத்தில் பாசியை உதறிக் காயப்போடும்போது, அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்வேன். அம்மாவுக்கு அமெரிக்காவும் தெரியாது, மாயா என்ற பெயரும் வாயில் நிற்காது. தினமும் ஒரே கேள்விதான்: "அந்தப் பிள்ளை இன்னைக்காவது வாயத் தொறந்துச்சா?" 15ஆம் அத்தியாயத்தில் திருமதி ஃப்ளவர்ஸ் என்ற அம்மா வருகிறார். பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டி, புத்தகத்தைக் கையில் கொடுத்து நீயும் சத்தமாகப் படி என்கிறார். நான் அதைச் சொன்னபோது அம்மா கையில் இருந்த பாசியைக் கீழே வைத்துவிட்டார். "நீ எப்பத்தா சொல்லப்போற?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஒரு ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, கல்யாணமான முதல் வருடத்துக் கதையை மட்டும் சொன்னேன். அடுத்ததைத் தொடங்கும்போது என் குரல் மாறுவதை அம்மா கவனித்துவிட்டார். "மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தார்.