கிரிமினாலஜி படித்தால் துப்பறியலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு செம்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். கிரிமினாலஜியில் எம்.ஏ. சேர ஆசை. படித்தால் போலீசில் சேரலாமா, கொலை கேஸ் துப்பறியலாமா? ‘பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு’ என்கிறார் அப்பா.
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: துப்பறிவதை முதலில் மறந்துவிடுங்கள். போலீஸ்தான் குறி என்றால் இந்தப் படிப்பே தேவையில்லை, எம்.பி.எஸ்.சி.யின் (மகாராஷ்டிர அரசுப் பணியாளர் தேர்வாணையம்) சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கும் ஐ.பி.எஸ்.சுக்கும் ஏதாவது ஒரு டிகிரி போதும், உங்களிடம்தான் அது இருக்கிறதே. ரத்தக்கறை, கைரேகை சமாசாரம் தடயவியல், அதற்கு பி.எஸ்சி. வேண்டும்.

கிரிமினாலஜி, குற்றம் ஏன் நடக்கிறது, கைதுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே வராதவர்கள். ஆர்தர் ரோடு சிறை வாசலில் முலாகாத்துக்கு, அதாவது கைதியைப் பார்த்துப் பேச, நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். பையனுக்கு ஜாமீன் கிடைத்திருக்கும், ஆனால் அவனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ரேஷன் கார்டோடு ஒரு ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பான், மராத்தியில் இருக்கிற காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் அம்மா வெளியே நிற்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479-வது பிரிவு, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விடச் சொல்கிறது (மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு கேஸ் நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது). சட்டம் சொல்கிறது சரி, அந்தக் கணக்கைப் போட்டு மனு எழுத ஒரு ஆள் வேண்டுமே? தமிழும் ஹிந்தியும் மராத்தியும் பேசுகிற தாராவிப் பெண்ணுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது, அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கே படிப்பது? உங்களுக்குப் பக்கத்திலேயே, தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம். அங்கே சமூகப்பணி எம்.ஏ.யில் குற்றவியலும் நீதியும் ஒரு பிரிவு. எந்த டிகிரியும் சரி, நுழைவு சி.யு.இ.டி.-பி.ஜி. என்கிற தேசிய நுழைவுத் தேர்வு வழியாக. களப்பணி கட்டாயம். அவர்களுடைய ‘பிரயாஸ்’ திட்டம் 1990-லிருந்து மும்பை சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் வேலை செய்கிறது. ஊர்ப்பக்கம் போகலாம் என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே தனித்துறை உண்டு. தாராவியில் நிறையப் பேருக்கு ஊரே நெல்லைப் பக்கம்தான், தங்க ஒரு சித்தி வீடாவது இருக்கும்.

வேலை என்று பார்த்தால் தொண்டு நிறுவனங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டப்படி நியமிக்கப்படுகிற நன்னடத்தை அலுவலர் (சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவர்) பதவி. இவற்றில் பல ஒப்பந்த வேலை, ஆரம்பச் சம்பளம் ஆடிட்டர் ஆபீசைத் தாண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலையை விடுவதற்கு முன் ஏதாவது ஒரு சட்ட உதவி அமைப்பில் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்து பாருங்கள், ஒரு மாசத்தில் தெரிந்துவிடும்.